தொங்கு செரிக்கு மாற்றாக ஜாம் மரம்

தொங்கு செரி குளிர்நாட்டு மரம். பெரும்பாலும் நிமிர்ந்த ஒட்டுக்கட்டையின் உச்சியிலேயே அதை ஒட்டுவார்கள். ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிரில் பல நூறு மணித்தியாலங்கள் உறங்கிய பின்னரே அதன் பூவரும்புகள் ஒழுங்காக விரியும். மார்கழி இரவிலும் அத்தகைய குளிரைக் காணாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் அது பூக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. படத்தைப் பார்த்துக் கேட்டு வருவோருக்கு நாற்றுமேடையாளர் இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

முற்றத்தில் கிளை கவிந்த சிறுமரம் வேண்டுவோருக்கு நம் வளவுகளிலேயே ஜாம் மரம் உண்டு. லின்னேயசு 1753இல் முன்டிங்கியா கலபூரா எனப் பெயரிட்ட இம்மரம் வெப்பவலய அமெரிக்காவுக்குரியது. ஜமைக்கா செரி என்றும் அழைக்கப்பட்டாலும் செரிக் குடும்பத்துடன் இதற்கு உறவில்லை. வலிகாமத்துச் சுண்ணக்கல் மேலுள்ள ஆழமற்ற செம்மண்ணிலும் நன்றாக வளரும்; உவர்நிலம் ஒத்துவராது. நட்ட இரண்டாம் ஆண்டுக்குள் காய்த்துவிடும். காலையில் இலைவரிசைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் வெள்ளைப் பூ, பிற்பகலில் இதழ்களைச் சொரிந்துவிடும். பிறகு காம்பு வளைந்து கீழிறங்க, பழம் இலையின் கீழே தொங்கும்.

இம்மரத்தின் அழகு கெடுவது பெரும்பாலும் கத்தியாலேயே. உயரம் கூடியதென்று உச்சியைத் தறித்தால் வெட்டுவாயில் நேர்குத்தான தளிர்கள் கற்றையாகக் கிளம்பிக் கவிகையைக் குலைத்துவிடும். மொட்டையடிப்பதல்ல, ஐதாக்குவதே இங்கு கத்தரித்தல். தலைக்கு மேல் உயரம்வரை ஒற்றைத் தண்டாக வளர்த்து, நாற்புறமும் பரந்த நாலைந்து கிளைகளை மட்டும் விட வேண்டும். நீண்ட கிளையைக் குறைப்பதானால், வெளிநோக்கிச் சாய்ந்த பக்கக் கிளை பிரியும் இடத்தில் வெட்ட வேண்டும். அந்தப் பக்கக் கிளையே புதிய நுனியாகிக் கவியும். உள்ளே பின்னியவற்றையும் நிமிர்ந்த தளிர்களையும் அடியோடு எடுக்க வேண்டும். அடிக்கட்டை எஞ்சாமல் வெட்டுவது முக்கியம். மென்மரமாதலால் எஞ்சும் கட்டை விரைவில் உக்கும்.

பெருங்கத்தரிப்புக்கு உகந்த காலம் புரட்டாதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த மண்ணில், மேலோட்டமான வேரும் முறியும் கிளையும் கொண்ட மரம் அடர்ந்த தலையுடன் காற்றைத் தாங்காது. 2008 நவம்பரில் நிஷா புயல் குடாநாட்டை வெள்ளக்காடாக்கியதை மரம் வளர்ப்போர் மறந்திருக்க மாட்டார்கள். ஏனைய மாதங்களில் நிமிர்தளிரைக் கிள்ளுவதே போதும்.

பழ ஈ பெருகும் கனிகளில் ஜாம்பழமும் ஒன்று. ஆகவே கறுத்தக்கொழும்பான் மா நிற்கும் வளவில் உதிர்ந்த பழங்களைக் கூட்டி அள்ளிப் புதைக்க வேண்டும். வௌவாலும் குருவியும் பரப்பும் விதை கிணற்றுக்கட்டு வெடிப்பிலும் முளைக்கும். அக்கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.