பர்மியக் கவிதை நேரே தமிழுக்கு வரட்டும்

டச்சுக் கவிதை பிறமொழிகளுக்குப் போக நெதர்லாந்தில் அரசுப் பணம் பெறும் இலக்கிய நிதியம் உதவுகிறது. பர்மியக் கவிதைக்கு அந்தப் பாரத்தைக் கவிஞர்களே சுமந்தார்கள். கவிஞர் கோ கோ தெட், ஜேம்ஸ் பைர்னுடன் சேர்ந்து 15 சமகாலக் கவிஞர்களை 2012இல் 'போன்ஸ் வில் க்ரோ' என்ற இருமொழித் தொகுப்பாக இங்கிலாந்தில் கொண்டுவந்தார். அரிய பணி அது. ஆனால் நாமும் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் பர்மியக் கவிதையை அடைய வேண்டுமா? யாங்கோனில் தாகேதா உள்ளிட்ட பல பகுதிகளிலும் பர்மியத்தோடு வளர்ந்த தமிழர்கள் இருக்கிறார்கள். 2021 மார்ச்சில் மொன்யுவாவில் போராட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட கவிஞர் கே ஸா வின்னை அவர்களால் நேரடியாகத் தமிழுக்குத் தர முடியும். தமிழ்ப் பதிப்பகங்கள் அவர்களைத் தேடிப்போய், உரிய ஊதியம் தந்து, இந்த வேலையை ஒப்படைக்க வேண்டும்.