மூன்று சத்திரமும் நம் அசனப் பந்தியும்

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 28:13–15



வருகிற பிரதிஷ்டைப் பண்டிகையின் அசனத்தைக் குறித்துச் சபைக் கமிட்டியில் ஓர் ஆலோசனை வந்திருக்கிறது. இவ்வாண்டு பந்தி வேண்டாம். வரி செலுத்திய குடும்பங்களுக்கு டோக்கன் கொடுத்து, சோற்றையும் குழம்பையும் பொட்டலமாக வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பதே அது. இதை முன்வைத்தவர்கள் சபையை நேசிக்கிறவர்கள். அவர்கள் சொல்லும் காரணங்களும் அற்பமானவை அல்ல. ஆயினும் எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. தீர்மானம் எடுக்கப்படுவதற்கு முன் அதை வேத வெளிச்சத்தில் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பவுல் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்ட நாட்களை நினைத்துப் பாருங்கள். கப்பற்சேதத்துக்குத் தப்பி, புத்தேயோலியில் கரையிறங்கி, அங்கிருந்த சகோதரரிடத்தில் ஏழு நாள் தங்கிய பின் தரைவழியாகப் புறப்படுகிறார். செய்தி கேட்ட ரோமாபுரிச் சபையார் சிலர் அப்பியுபுரம் வரைக்கும், சிலர் மூன்று சத்திரம் வரைக்கும் வந்து அவரை எதிர்கொண்டார்கள். மூன்று சத்திரம் ரோமாபுரியிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர்; அப்பியுபுரம் ஏறக்குறைய 65 கிலோமீட்டர். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு நடந்துபோகும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பியுபுரம் எப்படிப்பட்ட ஊர்? அது ஒரு கால்வாய்க்கரை ஊர். சதுப்பு நிலத்தின் ஊடே வெட்டப்பட்ட கால்வாய் அங்கே முடிந்தது. கரையில் நடக்கும் கோவேறு கழுதை இழுக்க, இரவெல்லாம் படகில் பயணிகள் வந்துபோனார்கள். பவுலுக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வழியே சென்ற ஹோரேஸ் என்னும் லத்தீன் கவிஞர், அவ்வூரில் படகோட்டிகளும் கருமிகளான சத்திரக்காரரும் நிறைந்திருந்ததாகவும், குடிதண்ணீர் மிகவும் கெட்டதாக இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட இடத்தில்தான், சங்கிலியோடு வந்த அப்போஸ்தலன் தம் சகோதரரைக் கண்டு, தேவனை ஸ்தோத்திரித்துத் தைரியமடைந்தார். ஆலயத்திலோ அரண்மனையிலோ அல்ல, வழிப்போக்கர் உண்டு உறங்கும் ஊரில் அவருக்கு அந்த ஆறுதல் கிடைத்தது.

வேதத்தில் வேறு சத்திரங்களும் உண்டு. பெத்லகேமின் சத்திரத்தில் நம் ஆண்டவருக்கு இடம் இல்லாதிருந்தது. எரிகோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவனை நல்ல சமாரியன் ஒரு சத்திரத்தில் சேர்த்து, மறுநாள் அதன் காரனிடம் இரண்டு பணத்தைக் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். முந்தின சத்திரத்தில் கதவு அடைபட்டது. பிந்தினதில் முன்பின் அறியாத ஒருவனுக்காக வேறொருவன் கணக்கை ஏற்றுக்கொண்டான்.

வழியில் போகிறவனுக்குச் சோறும் இடமும் கொடுப்பது எந்தத் தேசத்துக்கும் பொதுவான அறம். இங்கிலாந்தில் கால்வாய்கள் பெருகிய 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, கரையோரக் கிராமங்களின் உணவுவிடுதிகள் படகோட்டிக்கு உணவும், படகை இழுத்த குதிரைக்குத் தொழுவமும் கொடுத்தன. ‘பப்’ என்று சுருக்கி அழைக்கப்படும் அவ்விடுதியின் முழுப்பெயர் ‘பப்ளிக் ஹவுஸ்’, அதாவது பொது வீடு. ஞாயிறு நண்பகலில் குடும்பமாய் அங்கே போய், சுட்ட இறைச்சியும் உருளைக்கிழங்கும் உண்பது இன்றும் அங்குள்ள வழக்கம். அங்கே ஊற்றப்படும் மதுவை நான் சிறப்பிக்கவில்லை. குடியினால் நம் கரிசல் ஊர்களில் எத்தனை வீட்டு அடுப்பு அணைந்தது என்பதை அடக்க ஆராதனை நடத்தும் போதகன் அறிவான். நான் எடுத்துக்கொள்வது அந்தப் பெயரை மாத்திரமே. பொது வீடு என்றால் வாசலில் நின்று, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காத வீடு.

நம் நாட்டிலும் ராணி மங்கம்மாள் சாலைகளை அமைத்து, வழிநெடுகச் சத்திரங்களைக் கட்டினார். அவர் பெயர் தாங்கிய சத்திரம் மதுரை ரயில் நிலையத்தின் எதிரே இருக்கிறது. நம் கடம்பூருக்கு அத்தகைய சத்திரம் இல்லை. ஆனால் போளி இருக்கிறது. மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை 1876இல் திறக்கப்பட்டது. ஒற்றைப் பாதையாக இருந்த காலத்தில், எதிர்வண்டிக்காக ஒரு வண்டி காத்து நிற்பது வழக்கம். அந்தச் சில நிமிடங்களில், தேங்காயோ பருப்போ இனிப்போடு சேர்த்துப் பூரணமாக வைத்துத் தட்டிய போளி ஜன்னல்தோறும் கைமாறியது. வாங்கினவன் இன்னான் என்று விற்றவன் கேட்டதில்லை. இன்று இரட்டைப் பாதை வந்துவிட்டது. போளியின் பெயரோ ஊரின் பெயரோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதே ரயில் நிலையங்களுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. தென்னிந்திய ரயில் நிலையங்களின் உணவுச்சாலைகளில் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு வேறிடம் என்று ஒதுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பெரியாரும் அவரைச் சேர்ந்தவர்களும் எதிர்த்துப் போராடிய பின், 1941இல் அது ஒழிந்தது. அந்தப் பலகை ரயில் நிலையத்தைவிட்டு நீங்கிவிட்டது. நம் பந்தியைவிட்டு நீங்கியதா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பந்தியைக் குறித்துப் பவுல் விட்டுக்கொடுத்ததே இல்லை. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்பதை விட்டுப் பேதுரு விலகினபோது, எல்லார் முன்பாகவும் அவரைக் கடிந்துகொண்டார் (கலாத்தியர் 2). கொரிந்துச் சபையில் ஒருவன் பசியோடிருக்க மற்றொருவன் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டதைக் கண்டித்தார் (1 கொரிந்தியர் 11). ரோமாபுரிச் சபையும் உணவைக் குறித்துப் பிளவுபட்டிருந்தது. கிறிஸ்து நம்மை ஏற்றுக்கொண்டதுபோல ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அவர்களுக்கு எழுதினார் (ரோமர் 14, 15). அந்த நிருபத்தைப் பெற்ற சபையார்தான் சில ஆண்டுகள் கழித்து, ஒரு கைதியை ஏற்றுக்கொள்ள மூன்று சத்திரம் வரைக்கும் நடந்துபோனார்கள். அவர்கள் நிருபத்தை வாசித்ததோடு நின்றுவிடவில்லை.

பிரியமானவர்களே, பொட்டலம் சுத்தமானது, சிக்கனமானது. வரிசையில் தள்ளுமுள்ளு இராது. எல்லாம் மெய்யே. ஆனால் பொட்டலம் யாரையும் யாருக்கும் அருகில் உட்கார வைப்பதில்லை. நம் ஊரில் ஒரே தெருவில் நடந்து, ஒரே ஆலயத்தில் ஜெபித்து, ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர் வாங்கிக் குடியாத நிலை இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. ஆண்டில் ஒரு நாள் அசனத்தில்தான் எல்லாருடைய இலையும் ஒரே வரிசையில் விழுகிறது. அந்த ஒரு நாளையும் பொட்டலத்தில் கட்டிவிட்டால், பிரிவினைக்கு நாமே வசதி செய்து கொடுத்தவர்களாவோம். வரி செலுத்தினவருக்கே டோக்கன் என்றால், செலுத்த இயலாத விதவையும், மழை பொய்த்து உளுந்தும் பருத்தியும் இழந்த சம்சாரியும் அன்று வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

ஆகையால் நான் கேட்பது மூன்று காரியங்கள்.

முதலாவது, பந்தி நடக்கட்டும். முழங்கால் வலியுள்ளோருக்கு மேசையும் நாற்காலியும் போடுவோம். ஆனால் ஒருவருக்கும் இடம் ஒதுக்க வேண்டாம். போதகரும் கமிட்டியாரும் இடம் கிடைத்த இலையில் உட்காரட்டும். சமைப்பதும் பரிமாறுவதும் எல்லாத் தெருப் பிள்ளைகளின் கையாலும் நடக்கட்டும்.

இரண்டாவது, டோக்கன் வேண்டாம், அழைப்பு இருக்கட்டும். அறுவடையான காட்டில் கிடை போட்டிருக்கும் கீதாரிகள், கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத்துச் சகோதரர்கள், காற்றாலைச் சாமான் ஏற்றிவரும் லாரி ஓட்டுநர்கள் ஆகியோரை வாலிபர் நேரில் போய் அழைக்கட்டும். திருப்பிச் செய்ய இயலாதவர்களை விருந்துக்கு அழைக்கும்படி நம் ஆண்டவரே கட்டளையிட்டார் (லூக்கா 14). செலவு கூடும் என்பது உண்மை. சமாரியனுக்கும் கூடிற்று. இயன்றவர்கள் இவ்வாண்டு ஒரு படி அரிசி கூடுதலாகக் காணிக்கையாகத் தாருங்கள்.

மூன்றாவது, பொட்டலமும் இருக்கட்டும். படுக்கையில் கிடப்போருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் அது போகவேண்டும். கொண்டுபோகிறவர் கதவருகே கொடுத்துவிட்டுத் திரும்பாமல், அவர்களோடு உட்கார்ந்து, உண்டு, ஜெபித்து வரட்டும்.

கமிட்டியின் தீர்மானம் எதுவாயினும் நான் அதற்குக் கீழ்ப்படிவேன். ஆனால் கைகளை உயர்த்தும் முன் ஒவ்வொருவரும் வீட்டில் அப்போஸ்தலர் 28ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்து வாருங்கள்.

ஜெபம்: சத்திரத்தில் இடமின்றிப் பிறந்த ஆண்டவரே, எங்கள் பந்தியில் உமக்கு இடம் உண்டாகும்படி, எங்கள் அருகில் உட்கார வருகிறவருக்கு இடம்விட எங்களுக்குக் கிருபை தாரும். ஆமென்.

கர்த்தர் தாமே உங்கள் வீடுகளையும் காடுகளையும் ஆசீர்வதிப்பாராக.