நிலத்துக்குக் கீழே ஓர் அறை வேண்டுமா?



உடுவிலில் நான் சந்தித்துவரும் சகோதரி ஒருவர் வீடு கட்டப்போகிறார். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். பணம் தருவது ரொறன்ரோவில் இருக்கும் தம்பி. "கீழை ஒரு பேஸ்மென்ட் வைச்சுக் கட்டுங்கோ அக்கா, இஞ்சை எல்லா வீட்டிலையும் இருக்கு" என்பது அவருடைய விருப்பம். அக்காவுக்கும் அதில் மனம் உண்டு. ஆனால் காரணம் வேறு. "திரும்பவும் ஒரு காலம் வந்தால் பிள்ளையளை எங்கை கொண்டுபோய் ஒளிக்கிறது?" என்று என்னிடம் கேட்டார்.

இந்தக் கேள்வியைக் கேட்டு யாரும் சிரிக்கக்கூடாது. 1987 இலும் 1995 இலும் ஷெல் சத்தம் கேட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் ஓடிய தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். 2009 இல் வன்னியில் சேலைகளைக் கிழித்துத் தைத்து மண்மூட்டை கட்டியவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த அனுபவத்தையே சற்று நினைத்துப் பாருங்கள். பங்கரைப் பெரும்பாலும் வீட்டுக்குக் கீழே நாம் வெட்டவில்லை. வீட்டைவிட்டுத் தள்ளி, வளவில், மரத்தடியில் வெட்டினோம். வீடு இடிந்து விழுந்தால் வாசல் மூடிவிடும் என்று நமக்குத் தெரிந்திருந்தது. மாரியில் அதற்குள் தண்ணீர் நின்றதும் பாம்பு வந்ததும் மறந்துபோகுமா?

கனடாவில் கதை வேறு. அங்கே குளிர்காலத்தில் நிலம் உறைந்து வீங்கும். அதனால் ரொறன்ரோ போன்ற இடங்களில் அத்திவாரத்தை ஏறக்குறைய 4 அடி ஆழத்துக்கு இறக்க வேண்டும். எப்படியும் தோண்டுகிறார்கள்; இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஓர் அறை கிடைத்துவிடுகிறது. அது அந்த நிலத்துக்கு ஏற்ற வழக்கம்.

நம்முடைய நிலம் செம்மண்ணும் அதன் கீழ் சுண்ணாம்புக் கல்லும். கல்லை உடைக்கவே பெருங்காசு போகும். அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள்தான் மழைநீர் இறங்கி, உப்பு நீருக்கு மேலே நன்னீராகத் தங்குகிறது. கார்த்திகை மழைக்குப் பிறகு உங்கள் கிணற்றில் நீர் எவ்வளவு மேலே வருகிறது என்று பாருங்கள். கீழறையின் தரையையும் சுவரையும் தள்ளப்போவது அதே நீர்தான். 2008 நவம்பரில் நிஷா புயல் மழை பெய்தபோது நிலத்துக்கு மேலே இருந்த வீடுகளுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. கீழறைக்குள் புகுந்தால் பம்பு வேண்டும். மின்சாரம் நின்றால் பம்பும் நின்றுவிடும்.

இன்னொன்று, நிலத்துக்குள் நாம் விடுவது கிணற்றுக்கு வந்துசேரும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்று 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எழுந்த பிரச்சினை நம் அயலில் நடந்ததுதானே. கீழே குளியலறையோ மலசலகூடமோ வைத்தால் கழிவுநீர் கிணற்று நீருக்கு இன்னும் கிட்ட வந்துவிடும்.

அப்படியானால் அந்தப் பணத்தை என்ன செய்யலாம்? அத்திவாரத்தை நில மட்டத்திலிருந்து நன்றாக உயர்த்திக் கட்டலாம். மலக்குழியைக் கிணற்றிலிருந்து இயன்ற அளவு தூரத்தில் வைக்கலாம். உறுதியான கதவும் உட்பூட்டும் உள்ள ஓர் அறையைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம். ஆண் துணை இல்லாத வீட்டில் இரவுப் பயத்துக்கு இது நிலவறையைவிட உதவும். காணி உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பதையும், பிரதேச சபை அனுமதியையும் அத்திவாரம் வெட்ட முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் கொடுத்தார்கள். வீட்டைப் பெரிதாகத் தொடங்கி, கூரைக்குக் கடன்பட்டு, நகையை அடகு வைத்தவர்களை நீங்களும் அறிவீர்கள். வெளிநாட்டுப் பணமும் ஒருநாள் நிற்கலாம்.

உடுவில் சகோதரி இதையெல்லாம் தம்பியிடம் தொலைபேசியில் எடுத்துச் சொன்னார். தம்பிக்கு முதலில் மனவருத்தம். "வீட்டிலை இருக்கப்போறது நான்தானே" என்று அக்கா சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார். கீழறை இல்லை என்று முடிவாகியிருக்கிறது.

ஆனால் அவருடைய பயம் வரைபடத்தை மாற்றியதால் போய்விடவில்லை. வெடிச்சத்தம் கேட்டால் இன்றும் நெஞ்சு பதைக்கிறது என்கிறார். அப்படி உங்களுக்கும் இருந்தால், நித்திரையும் கெட்டால், தனியே தாங்கிக்கொண்டிருக்காதீர்கள். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல. வீட்டுக்கு மேசனிடம் ஆலோசனை கேட்பதைப்போல, மனத்துக்கும் அறிந்தவரிடம் கேட்போம்.