சொல்லும் முறையும் மருந்துதான்
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்

‘கவுன்சலிங்’ என்றால் நம்மில் பலருக்கும் கல்லூரியில் இடம் கிடைத்த நாள்தான் நினைவுக்கு வரும். அரசு மருத்துவமனையில் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. எச்.ஐ.வி. சோதனைக்கு முன்னும், முடிவு தெரிந்த பின்னும், ஓர் ஆலோசகர் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவரோடு தனித்துப் பேசும் பேச்சு அது. அதை வெறும் சடங்கென்றும், மாத்திரைதான் சிகிச்சை என்றும் எண்ணுவோர் படித்தவர்களிலும் உளர். அவர்களோடு நான் மாறுபடுகிறேன்.

சாத்தூர் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். 2018 டிசம்பரில் அங்குள்ள அரசு மருத்துவமனையில் கருவுற்ற பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது தெரியவந்து நாடே அதிர்ந்தது. அவருக்கு நேர்ந்த கொடுமையை ஏடுகள் எழுதின; எழுத வேண்டியதுதான். இரத்தம் கொடுத்த இளைஞரை எத்தனை பேர் நினைத்தோம்? அவருக்கு வயது 19. என்னைவிட ஓராண்டு இளையவர். 2016இல் அவர் இரத்தம் கொடுத்தபோதே கிருமி இருப்பது கண்டறியப்பட்டும், அச்செய்தி அவரை எட்டவில்லை. வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட சோதனையில்தான் அறிந்தார். அறிந்ததும், தம் இரத்தத்தை யாருக்கும் ஏற்ற வேண்டாமென்று தாமே தகவல் சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. அந்த மாத இறுதியில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கிருமி அவரைக் கொல்லவில்லை. 2016இலேயே ஒருவர் அவரை உட்கார வைத்துப் பேசியிருந்தால், அப்பெண்ணுக்கும் அந்த இரத்தம் சென்றிராது.

இத்தனைக்கும் சட்டம் இருந்தது. ஒப்புதல் பெறாமல் சோதிக்கலாகாது, முன்னும் பின்னும் ஆலோசனை வேண்டும், இரகசியம் காக்க வேண்டும் என்னும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பரிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்தியாவில் இக்கிருமியை முதன்முதலாக 1986இல் கண்டறிந்தவர்களும் சென்னையைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவுமே. அறிவுக்கு இங்கே பஞ்சமில்லை.

ஆலோசகர் சொல்ல வேண்டியவை பல. வெவ்வேறு மூன்று சோதனைகள் ஒத்துவந்த பிறகே முடிவு உறுதியாகிறது. 2004 முதல் அரசே கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. அதை நாள் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவால் துணைக்குப் பரவுவதில்லை. தாய்க்கு உரிய சிகிச்சை கிடைத்தால் குழந்தையை ஏறத்தாழ முழுமையாகக் காக்கலாம். ஆனால் ‘பாசிட்டிவ்’ என்று கேட்ட அந்த முதல் நிமிடத்தில் இவற்றில் ஒன்றும் காதில் ஏறாது. (‘பாசிட்டிவ்னா நல்லதுதானே’ என்று கேட்கக்கூடிய பாட்டிகளும் நம் வீடுகளில் உண்டு.) ஆகவே நல்ல ஆலோசகர் முதலில் சற்றுப் பேசாதிருப்பார். பிறகு, இன்றிரவு வீட்டில் யார் இருப்பார்கள், முதலில் யாரிடம் சொல்ல முடியும் என்று கேட்பார். மற்றதைச் சொல்ல மறுபடி வரச் சொல்வார். அந்த இளைஞருக்குத் தேவைப்பட்டது இதுதான்.

பெருநகரைவிட நம் ஊரில் இது கடினம். குற்றாலத்தில் சீசன் காலத்தில் ஆயிரம் அந்நிய முகங்களுக்கிடையே மறைந்துவிடலாம். தென்காசி அரசு மருத்துவமனை வாசலிலோ தெரிந்தவர் ஒருவராவது, ‘என்னடே, இந்தப் பக்கம்?’ என்று கேட்டுவிடுவார். அந்த ஒரு கேள்விக்கு அஞ்சியே நம்பிக்கை மையத்துக்குள் நுழையாமல் திரும்புவோர் இருப்பர்.

என் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எங்கள் தெருவில் எந்த மருத்துவச் சீட்டு வந்தாலும், ‘காலேஜ் படிக்கிற பிள்ளைட்ட காட்டு’ என்றுதான் சொல்வார்கள். உங்களில் பலர் வீட்டிலும் அப்படித்தான். திண்ணையில் நாலு பேர் நடுவே சீட்டை விரித்து உரக்கப் படிப்பது நமக்கெல்லாம் பழக்கம். அன்று அந்தச் சீட்டில் இந்தச் சொல் இருந்தால் என்ன செய்வோம்? விலங்கியல் பாடத்தில் கிருமியின் அமைப்பைப் படம் வரைந்து பாகம் குறிக்கிறோம். இதற்கு விடை எந்தப் பாடத்திலும் இல்லை.

நம் செஞ்சுருள் சங்கம் டிசம்பர் 1 அன்று பேரணியும் வாசகப் போட்டியும் நடத்துகிறது. வேண்டாமென்று சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அத்தோடு நம்பிக்கை மைய ஆலோசகர் ஒருவரையும் அழைப்போம். மேடையும் மாலையும் வேண்டாம். வகுப்பறையில் இரண்டு நாற்காலி போதும். ஒரு முடிவை எப்படிச் சொல்வது, சொன்ன பிறகு எப்படி உடன் இருப்பது என்று அவர் நமக்கு நடித்துக் காட்டட்டும். பேராசிரியர்களும் வந்து அமரலாம்.