தாய்மை தானாக வந்துவிடுமா?



"பெத்தவளுக்குத் தானா வந்துடும்" என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்று இன்னொன்றும் உண்டு. முதலாவது, பிள்ளை பெற்றவளைத் தனியே விட்டுவிடுகிறது. இரண்டாவது, அவளுடைய அம்மாவையும் சேர்த்துக் கூண்டில் ஏற்றுகிறது. முப்பது வருடத்துக்கு மேல் விலங்கியல் நடத்தியவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: இரண்டுமே பாதி உண்மைதான். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஹார்மோன். ஈஸ்ட்ரோஜன், புரோலாக்டின், ஆக்ஸிடோசின் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தீர்களே, அதேதான். குட்டி போடாத பெண் எலியிடம் பிறந்த குட்டியை வைத்தால் அது ஒதுங்கிப் போகும். 1968இல் டெர்க்கெல், ரோசன்பிளாட் என்ற இருவர், அப்போதுதான் குட்டி போட்ட எலியின் பிளாஸ்மாவை எடுத்து இப்படிப்பட்ட எலிக்குச் செலுத்தினார்கள். அது வழக்கத்தைவிட வெகு சீக்கிரமே குட்டிகளைக் கவ்வி வந்து கூட்டில் சேர்த்தது. தாய்மையைத் தூண்டும் ஏதோ ஒன்று ரத்தத்திலேயே ஓடுகிறது என்று தெரிந்தது.

ஆனால் அதே ரோசன்பிளாட் அதற்கு முந்தைய ஆண்டே இன்னொன்றையும் காட்டியிருந்தார். ஹார்மோன் எதுவும் கொடுக்காமல், குட்டிகளோடு சில நாட்கள் சேர்ந்து இருக்கவிட்டாலே போதும். குட்டி போடாத எலியும் நக்கிக் கொடுக்க ஆரம்பிக்கிறது. ஆண் எலிகூட ஆரம்பிக்கிறது! ஹார்மோன் வேகமாகச் செய்வதைப் பழக்கம் மெதுவாகச் செய்கிறது.

மாடு வளர்த்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். தலையீத்துப் பசு கன்றை உதைத்துத் தள்ளும். அடுத்த ஈத்தில் அதே பசு கன்றை விட்டு நகராது. கன்று செத்துப்போனால் தோலில் வைக்கோல் அடைத்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். அதை நக்கினால்தான் பால் இறங்கும். அங்கே வேலை செய்வது ஆக்ஸிடோசின்தான்.

இனி வளர்ப்புக்கு வருகிறேன். என் மனதை மிகவும் தொட்டது இந்தப் பகுதிதான்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ ரீசஸ் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வளர்த்தார். இன்று அந்தச் சோதனையை யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. அந்தக் குட்டிகள் வளர்ந்து தாங்களே குட்டி போட்டபோது, பல குரங்குகள் குட்டியை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சில அடித்துக் கடித்தன. பிரசவம் நடந்தது, பால் சுரந்தது, ஹார்மோன் குறைவில்லை. குழந்தையை அணைப்பது என்றால் என்ன என்று அவற்றின் உடம்புக்குத் தெரியவில்லை.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியும் அவர் குழுவும் எலிகளில் இதைக் கூர்ந்து பார்த்தார்கள். குட்டியை அதிகம் நக்கும் தாயின் மகள் பின்னாளில் அதிகம் நக்குகிறாள். குறைவாக நக்கும் தாயின் மகள் குறைவாக. பரம்பரை என்றுதானே சொல்வோம்? அவர்கள் குட்டிகளை மாற்றி வைத்தார்கள். குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்த குட்டி, அதிகம் நக்கும் தாயிடம் வளர்ந்தால், வளர்த்தவளைப் போலவே ஆனது. 1999இல் வெளியான ஆய்வு இது. பிறகு காரணமும் தெரிந்தது. நக்கப்பட்ட குட்டியின் மூளையில் ஈஸ்ட்ரோஜனுக்கும் ஆக்ஸிடோசினுக்கும் உரிய ஏற்பிகள் அதிகம். அதாவது ஒரு தாயின் ஹார்மோன் அவள் மூளையில் எவ்வளவு எடுபடும் என்பதையே, குழந்தையாக இருந்தபோது அவளுக்குக் கிடைத்த அரவணைப்பு ஓரளவு தீர்மானிக்கிறது.

அப்படியானால் நூலைப் போலத்தான் சேலையா? இல்லை. நூல் எங்கிருந்து வந்தாலும் தறியை மாற்றலாம் என்றல்லவா அந்த எலிகள் காட்டின? ஹார்லோவின் குரங்குகளிலும், முதல் குட்டியைத் தள்ளியவை பல, இரண்டாவது குட்டியை ஓரளவு நன்றாகவே வளர்த்தன.

எலியும் குரங்கும் மனிதர் அல்ல, தெரியும். நமக்கு மொழி இருக்கிறது, நினைவு இருக்கிறது, சுற்றம் இருக்கிறது. அதனாலேயே மாறுவதற்கான வழியும் நமக்கு அதிகம். "பாசத்தைப் போய் ரசாயனம் என்கிறீர்களே டீச்சர்" என்று சிலர் கேட்பீர்கள். பசிக்கும் ஹார்மோன் உண்டு. அதனால் சோறு போடுவது சின்ன விஷயமாகிவிடுமா?

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பழைய மாணவி ஒருத்தி, குழந்தை பிறந்து மூன்று வாரம், எனக்கு எழுதினாள்: "எல்லாரும் சொல்ற மாதிரி எனக்கு ஒண்ணும் தோணலை டீச்சர். நான் நல்ல அம்மா இல்லையா?" இதை வீட்டில் சொல்ல அவளுக்குப் பயம். நம் வீடுகளில் இப்படி வாய்மூடிக் கிடக்கும் பெண்கள் எத்தனை பேரோ!

பிரசவம் முடிந்ததும் மொத்தக் குடும்பமும் தொட்டிலைச் சுற்றி நிற்கிறது. கட்டிலில் கிடப்பவளை யார் பார்க்கிறார்கள்? பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தில் ஒரு பெரிய அறிவு இருந்தது. பெற்றவள் அங்கே கொஞ்ச நாள் மறுபடி குழந்தையாக இருக்கலாம். இன்று அடுக்குமாடியிலும் வெளிநாட்டிலும் அது பலருக்கு வாய்ப்பதில்லை. அந்த இடத்தை வேறு யாராவது நிரப்பித்தான் ஆகவேண்டும்.

பையன்களே, உங்களுக்கும் ஒரு செய்தி. பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் இளைஞர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2011இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அப்பா ஆனவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது. குழந்தையோடு தினமும் அதிக நேரம் செலவிட்டவர்களுக்கு இன்னும் குறைவு. தூக்கிக் கொஞ்சுபவனின் உடம்பும் மாறுகிறது. "எனக்குக் குழந்தை பிடிக்கத் தெரியாது" என்பது சாக்கு.

பெரியவர்களுக்கு ஒன்று சொல்வேன். "நான் நாலு பெத்தேன், எனக்கு யார் இருந்தா?" என்று கேட்காதீர்கள். அவள் தூங்கட்டும். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுங்கள். சூடாக ஒரு வாய் சாப்பாடு கொடுங்கள். அழுகையும் வெறுமையும் இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

அந்த மாணவிக்கு நான் எழுதிய பதிலையே எல்லோருக்கும் சொல்கிறேன்: நீ கெட்ட அம்மா இல்லை, களைத்துப்போன அம்மா. குழந்தையை மார்போடு போட்டுக்கொண்டு படு, அவசரமில்லை, வரும். அதுவரை உன்னை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் வீட்டில் இப்போது பச்சை உடம்போடு யாராவது இருந்தால், லைக் போடுவது இருக்கட்டும், முதலில் அவளுக்கு ஒரு போன் போடுங்கள். குழந்தையைப் பற்றி அப்புறம் விசாரிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்