சான்று எங்கே?

‘பெரியவர் சொன்னார், ஆகவே அது சரி.’ மாணவர் உள்ளத்தில் நாம் ஊன்றிவிட்ட நச்சு விதை இது. கொடிகாமத்தில் தமிழ் கற்பிக்கும் நானும் இக்குற்றத்தில் பங்காளியே. மனனம் செய்தவனுக்குப் புள்ளி வழங்கினோம், வினவியவனை வாயடக்கினோம். அவனே நாளை மருத்துவ பீடம் புகுகிறான்.

அங்கே இப்பழக்கம் உயிரைக் குடிக்கும். மாரடைப்பிலிருந்து தப்பியோரின் இதயத்துடிப்பைச் சீராக்கும் சில மருந்துகள் ஆயுளையும் நீட்டும் என்று வைத்திய மேதைகள் நம்பினர். 1989இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு அந்நம்பிக்கையைத் தகர்த்தது. துடிப்பு சீரானது உண்மை. ஆனால், மருந்துண்டவர்களே அதிகம் மாண்டனர்!

சான்றை ஆராயும் கலையையும் ஒரு விரிவுரையாக்கிப் பரீட்சையோடு புதைத்துவிடலாமா? தனி வகுப்பு அறிவை மட்டுமே வளர்க்கும். நோயாளியின் கட்டிலருகே கற்பித்தாலே திறனும் மனப்பாங்கும் மாறும் என்று 2004இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்று காட்டிற்று.

அக்கட்டிலில் கிடப்பவன் நம் கமக்காரன். ‘இம்மருந்து ஏன்?’ என்று அவன் கேட்டால், அவன் மொழியிலேயே சான்றை விளக்க வேண்டும். இயலாதவன் அதைக் கற்றவனல்லன். தமிழில் முடியுமா என்று ஐயுறுவோர் மானிப்பாயை நினைக்கட்டும்: 1864 முதல் சாமுவேல் கிறீன் அங்கே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்.

ஆசிரியர்களே, வினாவுக்குப் புள்ளி வழங்குவோம்!