அனுபவம் வேறயாம், டேட்டா வேறயாம்

எங்க தெருப்பிள்ளை ஒருத்தி, நிதித்துறையை மேற்பார்வை பார்க்கிற ஒரு ஒழுங்குமுறை அலுவலகத்துக்குக் கோடையில் இரண்டு மாசப் பயிற்சிக்குப் போய்த் திரும்பியிருக்கிறாள். எந்த அலுவலகம், எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. அவள் இன்னும் வேலை தேட வேண்டிய பிள்ளை. எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறாள். அப்பன் இல்லை. ஆத்தா சின்னமனூர் வயக்காட்டில் நடுகைக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். வயலில் வேலை இல்லாத நாளில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போவாள். பிள்ளை எட்டாம் வகுப்பிலிருந்து எங்க மாலைப் பள்ளியில் படித்தவள். எழுதச் சொன்னதும் அவள்தான். "நான் எழுதுனா அழுதுருவேண்ணே. நீங்க எழுதுங்க. நீங்கதான் நல்லாத் திட்டுவீங்க" என்றாள்.

சரி, திட்டுகிறேன்.

முதலில் அறை. உதவித்தொகை உண்டு, ஆனால் மாசம் முடிந்துதான் கைக்கு வரும். தங்குவது உன் பாடு. இது அந்த ஒரு அலுவலகத்து வழக்கம் மட்டுமல்ல. ரிசர்வ் வங்கியின் கோடைப் பயிற்சித் திட்டம் ஊரறிந்தது. ஆண்டுக்கு அதிகபட்சம் 125 மாணவர்கள், மாசம் 20,000 ரூபாய், மூன்று மாசத்துக்கு மிகாமல். தங்குமிடத்தை மட்டும் மாணவரே பார்த்துக்கொள்ள வேண்டும். 20,000 ரூபாய் எங்க தெருவில் பெரிய பணம், நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் நாள் பஸ் விட்டு இறங்கும்போது கையில் இருக்க வேண்டிய பணம் அது இல்லையே.

அவளோடு நானும் போயிருந்தேன். மூன்று வீடு பார்த்தோம். முதல் வீட்டில், "வெஜிடேரியனா?" இரண்டாவது வீட்டுக்காரர் நேராகவே கேட்டுவிட்டார்: "தேனிப் பக்கமா? அங்க நீங்க என்ன ஆளுக?" அவரை நான் மதிக்கிறேன், சுற்றி வளைக்கவில்லை. மூன்றாவது வீட்டில் நாகரிகமானவர்கள். பேர் கேட்டார்கள், அப்பா என்ன செய்தார் என்று கேட்டார்கள், கடைசியில் ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். "அம்பேத்கர் தெரு" என்றாள் பிள்ளை, தலையை நிமிர்த்தி. "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் ஒரு பெண்கள் விடுதி. இரண்டு மாச வாடகை முன்பணம். ஆத்தாவின் தோடு அடகுக்கடைக்குப் போனது.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பாபாசாகேப் ஞாபகமாகவே இருந்தது. 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, தன்னைப் படிக்கவைத்த பரோடா சமஸ்தானத்துக்கு வேலைக்குப் போனார். அவரை உட்காரவைத்த இடம் கணக்குத் தலைமை அதிகாரி அலுவலகம். பதவி என்ன தெரியுமா? பயிற்சியாளர். பணக் கணக்குப் பார்க்கிற அலுவலகத்துக்குப் பயிற்சிக்குப் போன நம்ம ஆட்களில் எனக்குத் தெரிந்து மூத்தவர் அவர்தான். இந்து விடுதியில் இடம் கிடைக்காது என்று தெரியும். பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பேரை எழுதி, நாளுக்கு ஒன்றரை ரூபாய்க்கு, ஓட்டை உடைசல் குவிந்து கிடந்த மாடியில் தனியாகத் தங்கினார். பதினோராம் நாள் காலையில் அலுவலகத்துக்குக் கிளம்புகிற நேரம், பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடியோடு மாடியேறி வந்தார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய் என்றார்கள். ஒரு இந்து நண்பர், ஒரு கிறித்தவ நண்பர், இருவரிடமும் கேட்டுப் பார்த்தார். இருவருக்கும் காரணம் இருந்தது. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார், படியுங்கள்.

அதே மனுசன் 1923இல் ரூபாயின் பிரச்சினை பற்றிய நூலை லண்டனில் வெளியிட்டார். 1925இல் இந்திய நாணயத்தை விசாரிக்க வந்த ஹில்டன் யங் கமிஷன் முன்னால் சாட்சியம் சொன்னார். அந்தக் கமிஷன் மத்திய வங்கி ஒன்று வேண்டும் என்று சொன்னது. 1935 ஏப்ரல் 1ஆம் தேதி ரிசர்வ் வங்கி பிறந்தது. ரிசர்வ் வங்கியை உண்டாக்கியதே அம்பேத்கர்தான் என்று நம்ம மேடைகளில் முழங்குகிறோம். அம்புட்டுத் தூரம் போக வேண்டியதில்லை தோழர்களே. ரூபாயைப் பற்றி இவர் சொல்வதைக் கேட்க வெள்ளைக்காரன் கமிஷனில் நாற்காலி இருந்தது, பரோடாவில் ஒரு கட்டில் இல்லை. இது போதும் நமக்கு.

இனி வாசலைப் பற்றி. ரிசர்வ் வங்கித் திட்டத்துக்கு மேலாண்மை, பொருளாதாரம், வணிகவியல், புள்ளியியல், சட்டம், நிதி மாதிரிப் படிப்புகள் வேண்டும்; அதுவும் 'பேர்பெற்ற' நிறுவனத்தில் படித்திருக்க வேண்டும். தமிழ் எம்.ஏ.வுக்கு இடமில்லை என்பதில் எனக்கு வருத்தமில்லை, எனக்கு வட்டிக் கணக்கே தகராறு. ஆனால் அந்தப் 'பேர்பெற்ற' என்ற சொல் இருக்கிறதே, அதற்கு அளவுகோல் யார் கையில்? கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் போகிற அரசுக் கல்லூரிக்கு யார் பேர் வைத்தார்கள், பெறுவதற்கு? மத்திய அரசில் 45 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனத்துக்கும் இட ஒதுக்கீடு உண்டு என்று உத்தரவு இருக்கிறது. மூன்று மாசம் என்றால் 90 நாள். ஆனால் இதற்கு நியமனம் என்று பேர் இல்லை, பயிற்சி என்று பேர். அரசியல் சட்டம் 16(4) நியமனத்தையும் பதவியையும் பற்றித்தான் பேசுகிறது. ஒரு சொல்லை மாற்றினால் போதும், நம்மைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடலாம். அப்புறம் வேலைக்கு நேர்காணலில் "முன்னனுபவம் உண்டா" என்று கேட்பார்கள்.

மும்பைக் கூலித்தொழிலாளியின் மகனான நரேந்திர ஜாதவ் ரிசர்வ் வங்கியின் தலைமைப் பொருளியலாளர் வரை போகவில்லையா என்று சிலர் கேட்பார்கள். போனார், பெருமைதான். ஒருத்தரைக் காட்டி ஊரை மூடுகிற வேலையை நம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பிள்ளையோடு பயிற்சியில் இருந்தவர்களில் பாதிப் பேர் அத்தை வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் தங்கியிருந்தார்களாம். சித்தப்பா வங்கி அதிகாரி. அதற்கு இங்கிலீஷில் நெட்வொர்க் என்று பேர். நம்ம சித்தப்பனும் வங்கிக்குப் போகிறார், தவணை கட்ட. யாரும் அவளைக் கெட்ட வார்த்தை பேசவில்லை, தட்டைத் தள்ளி வைக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். "எந்த காலேஜ்? எப்படிக் கிடைச்சுது?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எப்படிக் கிடைத்தது என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா?

அவளுக்குக் கொடுத்த தலைப்பு: கிராமப்புற ஏழைகள் சேமிப்பை ஏன் முறையான வழிகளில் போடுவதில்லை. கொஞ்சம் புத்தகம், கொஞ்சம் புள்ளிவிவரம், நாற்பது பக்கம். அதில் ஒரே ஒரு பத்தி தன் ஆத்தாவைப் பற்றி எழுதினாள். திங்கள் 650, புதன் 480, வெள்ளி 720. மூன்று குழுக்கடன், வாரம் 1,850 ரூபாய் தவணை. முதல் கடன் மகளின் படிப்புக்கு, இரண்டாவது கூரைக்கு, மூன்றாவது இந்த இரண்டையும் கட்டுவதற்கு. இதில் சேமிப்பு எங்கே என்று கேட்டிருந்தாள். மேலதிகாரி அம்மா நல்ல மாதிரி, சிரித்துக்கொண்டே அந்தப் பத்தியை அடித்தாராம். "ரொம்ப நல்லா எழுதியிருக்கம்மா. ஆனா இது டேட்டா இல்ல, உன் அனுபவம்."

இங்கேதான் எனக்குக் கொதிக்கிறது.

2016 முதல் ரிசர்வ் வங்கி வருஷா வருஷம் நிதி எழுத்தறிவு வாரம் கொண்டாடுகிறது. ஏழைக்குக் கணக்குத் தெரியவில்லை, கற்றுக்கொடுக்கிறார்களாம். எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஆத்தா மூன்று கம்பெனி, மூன்று கிழமை, மூன்று தொகையை நோட்டு இல்லாமல் மண்டையில் வைத்திருக்கிறாள். ஒரு வாரம் மழை பிடித்தால் எதை எதற்கு மாற்றுவது என்று ஜீப் குலுக்கலிலேயே கூட்டிக் கழிக்கிறாள். அவளுக்குத் தெரியாதது கணக்கா? கூலிதான் போதவில்லை.

அனுபவம் இல்லாமல் டேட்டா மட்டும் வைத்து எழுதினால் விதி எப்படி வரும் என்பதற்கு அச்சிலேயே ஆதாரம் இருக்கிறது. 2022இல் ரிசர்வ் வங்கி நுண்கடனுக்கு விதி போட்டது. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரையுள்ள குடும்பத்துக்கு, எல்லாக் கடனுக்குமான மாசத் தவணை மாச வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. கடன் வாங்கியவரைக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கூப்பிட்டால் அது கடுமையான வசூல் முறை, கூடாது. நல்ல விதி. ராத்திரித் தொல்லைக்கு எதிராகக் காட்ட ஒரு காகிதம் இருக்கிறது. ஆனால் எங்க தெருப் பொம்பளைகள் விடியுமுன்னே ஜீப்பில் ஏறிவிடுவார்கள். 9 மணிக்கு அவள் சேற்றிலோ தோட்டத்திலோ நிற்கிறாள். விதிப்படி நடக்கிற யோக்கியமான வசூல்காரன் 11 மணிக்குக் கூப்பிட்டால், மேஸ்திரியும் கூட நிற்கிற இருபது பொம்பளைகளும் கேட்கத்தான் அவள் பதில் சொல்ல வேண்டும். மானம் போவது அங்கேதான். நாள் 9 மணிக்கு ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறவர்கள் மட்டும் உட்கார்ந்து எழுதிய விதி இப்படித்தான் இருக்கும். அந்த மாதிரி மேசையில் "ஏங்க, அந்நேரம் எங்க அம்மா வயல்ல இருக்கும்" என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அந்த வாய்க்குத்தான் தங்க அறை இல்லை, அது எழுதிய பத்திக்கும் இடம் இல்லை.

சின்னமனூர் என்றால் தமிழ் படித்தவர்களுக்குச் செப்பேடு ஞாபகம் வரும். பெரிய செப்பேட்டில் பாண்டியன் இராசசிம்மன் ஒரு பிராமணருக்கு ஊரையே தானம் கொடுத்த சேதி இருக்கிறது. கொடுத்தவன் பேர் உண்டு, வாங்கியவர் பேர் உண்டு. நாற்று நட்டவள் பேரைத் தேடாதீர்கள். எம்.ஏ.வில் அதை எனக்கு வரலாற்றுச் சான்று என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் காலத்து டேட்டா.

அடித்த பத்தியை அவள் தனியே எடுத்து வைத்திருக்கிறாள். இந்த இதழுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இங்கே அதை யாரும் அடிக்கமாட்டார்கள். இன்னொன்று. ரிசர்வ் வங்கித் திட்டத்துக்கு வழக்கமாக அக்டோபர் 15 முதல் டிசம்பர் 15 வரை மனுப் போடலாம். பள்ளத்தாக்கில் இந்த வருஷம் முதுகலையும் சட்டமும் படிக்கிற நம்ம பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் மனுப் போட இருக்கிறார்கள். சென்னையிலோ மும்பையிலோ மூன்று மாசத்துக்கு ஒரு கட்டிலும் ஒரு மின்விசிறியும் தர முடிகிற தோழர்கள் இதழ் முகவரிக்கு எழுதுங்கள். முன்பணம் கேட்காதீர்கள்.